விமானம் ரத்தானால் நஷ்டஈடு: தூரத்தை விடுங்கள், நேரத்தைப் பாருங்கள்

தூத்துக்குடி விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு வான்வழியில் ஏறத்தாழ 525 கிலோமீட்டர். ஏடிஆர் என்ற சிறிய விமானத்தில் சுமார் ஒன்றரை மணி நேரம். விமானம் ரத்தானால் நஷ்டஈடு கிலோமீட்டர் கணக்கில் வரும் என்று பலரும் நினைக்கிறார்கள். விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதி பார்ப்பது பிளாக் டைம்: விமானம் நின்ற இடத்திலிருந்து நகரத் தொடங்குவது முதல், போய் இறங்கி நிற்கும்வரை ஆகும் நேரம். டிக்கெட்டில் உள்ள இரண்டு நேரங்களுக்கும் இடைவெளி எவ்வளவோ, அதுதான் உங்கள் கணக்கு.

ஒரு மணி நேரம் வரை என்றால் 5,000 ரூபாய். ஒன்றுக்கு மேல் இரண்டு வரை 7,500. அதற்கும் மேல் 10,000. சரி, தூத்துக்குடிக்காரருக்கு 7,500 கிடைத்துவிடுமா? அந்தத் தொகை, அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இரண்டில் எது குறைவோ அதுதான் தருவார்கள். அந்தக் கட்டணம் 3,200 என்றால் கைக்கு வருவது 3,200.

ஒரு பெரியவரை கவுன்டரில் பார்த்தேன். கையில் மடித்து மடித்துக் கிழியத் தொடங்கிய டிக்கெட் பிரின்ட். விமானம் ரத்து. "முந்தாநாளே மெசேஜ் அனுப்பிட்டோம்" என்றார்கள். மெசேஜ் போனது டிக்கெட் போட்டுக் கொடுத்த ஏஜென்ட்டின் செல்போனுக்கு. 24 மணி நேரத்துக்கு முன்பே தகவல் சொல்லி மாற்று ஏற்பாடு செய்துவிட்டால் நஷ்டஈடு கிடையாது. சரியான தொடர்பு எண் கொடுக்காதவர்களுக்கும் கிடையாது. அவருக்கு ஒரு பைசா வரவில்லை. டிக்கெட் எடுக்கும்போதே உங்கள் எண்ணைப் போடச் சொல்லுங்கள், போட்டார்களா என்று பாருங்கள்.

தாமதத்துக்கு நஷ்டஈடு கிடையாது. ஆனால் இரண்டரை மணி நேரம் வரையிலான பயணத்தில், இரண்டு மணி நேரம் தாமதமானாலே உணவு தர வேண்டும். கேட்காமல் தர மாட்டார்கள், கேளுங்கள். ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால் மாற்று விமானமோ முழுப் பணமோ, முடிவு உங்களுடையது.

வானிலை காரணம் என்றால் நஷ்டஈடு இல்லை. அதனால்தான் காரணத்தை எழுத்தில் வாங்கச் சொல்கிறேன். "ஆபரேஷனல் ரீசன்" (இயக்கக் காரணம்) என்று மட்டும் எழுதிக் கொடுத்தால், அதில் மழை, புயல் என்று எதுவும் இல்லை. பிறகு அவர்கள் பேச்சை மாற்றுவது கடினம்.

சென்னையில் இறங்கி டெல்லி விமானம் பிடிப்பவர்கள் இரண்டையும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். ஒரே டிக்கெட் எண்ணில் இருந்தால்தான், முதல் விமானம் ரத்தாகி அடுத்ததைத் தவறவிட்டதற்கு நஷ்டஈடு கேட்க முடியும்.

பணத்தைத் திரும்பக் கேட்டால் விமான நிறுவனம் ஏஜென்ட்டைக் கைகாட்டும், ஏஜென்ட் நிறுவனத்தைக் கைகாட்டுவார். நடந்தே செருப்பு தேய்ந்துவிடும். விதிப்படி பொறுப்பு நிறுவனத்துடையது. "கிரெடிட்டில் வைத்திருக்கிறோம், அடுத்த முறை பறக்கலாம்" என்றால் சம்மதிக்க வேண்டியதில்லை. நிறுவனத்தில் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கு மின்னஞ்சல் போடுங்கள். பதில் வராவிட்டால் மத்திய அரசின் ஏர்சேவா செயலியில் புகார். அப்புறமும் இழுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915. போர்டிங் பாஸ், மெசேஜ், உணவு பில் எதையும் பணம் கைக்கு வரும்வரை தூக்கிப் போடாதீர்கள்.