ஒரு போத்தல் கிணற்றுத் தண்ணீர்

உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிற எனக்கு வருடா வருடம் வருகிற கேள்வி: “ரீச்சர், பிள்ளை டொக்டருக்கு எடுபடுவாளோ?” யாழ்ப்பாணத்தில் ‘பயோ’ என்றால் மருத்துவ பீடம், அது கிடைக்காவிட்டால் படித்ததெல்லாம் வீண். அதுதான் கணக்கு.

போன மாரியில் கரையோரப் பிள்ளை ஒருத்தி வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைச் சோடாப் போத்தலில் கொண்டுவந்தாள். வாயில் வைக்க முடியாத உவர். அதற்குள் நுளம்புக் குடம்பிகள், முட்டையிலிருந்து வரும் புழுக்கள். கட்டையான சுவாசக்குழாயை நீர்மட்டத்தில் முட்டவிட்டுத் தலைகீழாகத் தொங்கின. கை நிழல் பட்டதும் நெளிந்து நெளிந்து அடிக்குப் போயின. மலேரியா நுளம்பின் குடம்பிக்கு அந்தக் குழாய் இல்லை, நீர்மட்டத்தோடு படுத்திருக்கும். கட்டையான குழாயைப் பார்த்தால் இது டெங்கு பரப்பும் இனம்.

“நல்ல தண்ணியிலதானே ரீச்சர் பெருகும் எண்டு படிச்சம்?”

நானும் அப்படித்தான் படித்தேன். ஆனால் யாழ் பல்கலைக்கழக விலங்கியல் துறை ஆய்வாளர்கள் பத்தாண்டுக்கு முன்பே எங்கள் கரையோர உவர்நீரில் இந்தக் குடம்பிகளைக் கண்டிருக்கிறார்கள்.

இந்தப் போத்தலைத்தான் நான் உயிரியல் என்பேன். உப்பை உடல் எப்படிச் சமாளிக்கிறது என்று கேட்டால் உடற்றொழிலியல். அந்தத் தாங்குதிறன் குஞ்சுக்குப் போகுமா என்றால் பிறப்புரிமையியல், தலைமுறை தலைமுறையாகப் பார்த்தால் கூர்ப்பு. கிணறு ஏன் உவரானது என்பது சூழலியல் பக்கம். காய்ச்சலோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடும்போதுதான் டொக்டர் வருகிறார். தாவரம், விலங்கு என்று பிரித்துப் படித்தவர்கள் நடுவே, உயிர் முழுவதற்குமான ஒரே அறிவியல் என்ற பொருளில் 1802இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் லாமார்க்கும் ஜெர்மன் இயற்கையியலாளர் திரெவிரானசும் தனித்தனியே ‘பயோலொஜி’, அதாவது உயிரியல், என்ற பெயரைப் பயன்படுத்தினார்கள்.

சரி, வீட்டுக்கு வருவோம். டெங்கு நுளம்பு முட்டையை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிவிடும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆகவே தொட்டித் தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது, உட்சுவரைத் தேய்த்துக் கழுவவேண்டும். எங்கள் வெக்கையில் முட்டை நுளம்பாக ஒரு கிழமையளவு போதும் என்பதால், கிழமைக்கு ஒருக்கால்.

போன மாதம் அவளுடைய தாய் வந்திருந்தா. அதே டொக்டர் கேள்விதான். எழும்பிப் போகிறபோது திரும்பி, “கிணத்துக்கு வலை போட்டாச் சரிவருமோ ரீச்சர்?” என்றா. சரிவரும் என்றேன், விளிம்பில் இடைவெளி விடாமல் இறுக்கிக் கட்டினால்.