மழைக்குப் பின் பீலியில் வருவது

மலையகத் தோட்ட லயத்துப் பீலியில் (ஊற்று நீர் விழும் குழாய்வாயில்) வருவது பெரும்பாலும் நிலத்தடி நீர்தான். மழை, உக்கிய பாறை மண்ணுக்குள் இறங்கி, அடியிலுள்ள நைஸ் எனும் கடும்பாறையின் வெடிப்புகளில் சேர்ந்து, சரிவில் ஊற்றாக வெளிவருகிறது. மண்படை தடிப்பாயிருந்தால் நீர் மெல்ல வடியும், கிருமிகளில் பெரும்பகுதி வழியிலேயே சாகும். வெடிப்பு மேற்பரப்புவரை திறந்திருந்தால் மேட்டு மலசலகூடக் குழியின் கசிவு அப்படியே கீழே வரும். தண்ணீரின் தெளிவை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

அதனால் வறண்ட பெப்ரவரியில் ஒரு தடவை, ஒக்டோபர் பெருமழை தொடங்கியதும் ஒரு தடவை மாதிரி எடுக்க வேண்டும். மழைக்கு மறுநாளே ஊற்று கலங்கி, கடத்துதிறனும் (கரைந்த உப்புகளைக் காட்டும் மின்கடத்தும் அளவு) திடீரென மாறினால், மழைநீர் வடிபடாமல் நேரே வருகிறது என்று பொருள். இவ்வளவு மலிவாக இவ்வளவு சொல்லும் சோதனை வேறில்லை.

நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவை (7க்குக் கீழே அமிலம்) ஊற்றடியிலேயே பார்க்க வேண்டும். கரைந்திருக்கும் காபனீரொட்சைட்டு போத்தலிலிருந்து வெளியேற வெளியேற பிஎச் ஏறும். ஊற்றில் 5.8 ஆயிருந்த நீர், ஆய்வுகூடத்தில் இலங்கைத் தரமான 6.5–8.5க்குள் வந்துவிடக்கூடும். அந்த அமில நீர்தான் இரும்புக் குழாயின் நாகப் (துத்தநாகப்) பூச்சை அரிக்கிறது.

கிருமிச் சோதனைக்குக் கிருமிநீக்கிய போத்தல் வேண்டும். அதை அலசக் கூடாது. குழாய் வாயை ஸ்பிரிட்டால் துடைத்து, 2 நிமிடம் நீரை ஓடவிட்டு, மேலே சிறிது இடம்விட்டு நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து 6 மணித்தியாலத்துக்குள் சேர்ப்பது நல்லது. 24ஐத் தாண்டவே கூடாது. குளோரின் போட்ட தாங்கியென்றால் போத்தலில் குளோரினைச் செயலிழக்கச் செய்யும் சோடியம் தயோசல்பேற்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் போகும் வழியிலும் குளோரின் கிருமியைக் கொன்று, அறிக்கை பொய்யாகச் சுத்தம் காட்டும். 100 மில்லிலீற்றரில் ஈ.கோலி (மலக் கலப்பைக் காட்டும் குடற்கிருமி) ஒன்றுகூட இருக்கக் கூடாது.

நுவரெலியா, வெலிமடை உருளைக்கிழங்குத் தோட்டங்களுக்குக் கீழேயுள்ள ஊற்றுகளில், உரத்திலிருந்து இறங்கும் நைத்திரேற்றை அவசியம் பார்க்க வேண்டும். எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அறிக்கை "நைத்திரேற்று நைதரசன்" என்றால், அது நைதரசனை மட்டும் கணக்கிட்ட எண், 4.43ஆல் பெருக்குங்கள்: 12 என்ற சிறிய எண் 53 ஆகிறது. கொதிக்கவைத்தால் இது போகாது, நீர் வற்றுவதால் செறிவு கூடும். புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு எல்லை மீறிய நைத்திரேற்று உயிராபத்தாகலாம்.

மாத்தளைப் பக்கம் கேத்தலில் படியும் வெள்ளைப் படிவு வேறு விடயம். அங்குள்ள பளிங்குப் பாறைப் படைகளின் கல்சியம் அது. உடலுக்குக் கெடுதி இல்லை.

ஈ.கோலி கண்டால் குளோரின் வாங்குமுன் ஊற்றுக்கு மேலே ஏறிப் பாருங்கள்: குழி, மாட்டுப்பட்டி, உரமிட்ட பாத்தி. மேட்டில் குறுக்காக ஒரு கான் (வடிகால்) வெட்டி மழைநீரைத் திருப்பி, ஊற்றுக்கண்ணை மூடிய கொங்கிறீற்றுப் பெட்டிக்குள் அடைத்த பிறகு மறுபடி மாதிரி எடுங்கள்.