ஒரு ‘குப்’புக்கு ஒரு மீட்டர்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலை ரயிலில் போய்வந்த வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “எஞ்சின் நின்றிருந்தபோது புகை மெல்லக் கசிந்துகொண்டிருந்தது. கிளம்பியதும் ‘குப், குப்’ என்று விட்டுவிட்டு வந்தது. தீ ஒரே சீராகத்தானே எரிகிறது? புகையை இப்படி யார் தள்ளுகிறார்கள்?”

இந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று பல வருடமாகக் காத்திருந்தேன். எண்பதுகளில் விழுப்புரம் ஜங்ஷன் பிளாட்பாரத்தின் கடைக்கோடிதான் எனக்கும் என் நண்பர்களுக்கும் மாலைநேர விளையாட்டுத் திடல். சென்னைப் பக்கமிருந்து வந்த மின்கம்பி விழுப்புரத்தோடு நின்றுவிடும். அதற்கு அப்பால் டீசலும் கரி எஞ்சினும்தான். பழைய கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எஞ்சின் நம்பர்களை எழுதுவோம். பெரும்பாலும் மீட்டர்கேஜ் பாதையில் ஓடிய ஒய்.பி. வகைக் கரி எஞ்சின்கள். 1949 முதல் 1970 வரை 871 செய்தார்கள், பெரும்பகுதி ஜாம்ஷெட்பூரில் டாடாவின் டெல்கோ தொழிற்சாலையில். நோட்டில் ஏறிய நம்பர்கள் ஒவ்வொன்றாகக் கண்ணில் படாமல் போன காலம் அது.

சரி, கேள்விக்கு வருவோம். கரி எரிந்து, தண்ணீர் கொதித்து, நீராவி பிஸ்டனைத் தள்ளி, சக்கரம் சுற்றுவது பள்ளிக்கூடப் பாடம். பிஸ்டனைத் தள்ளி முடித்த நீராவி எங்கே போகிறது என்பதைப் பாடப்புத்தகம் பெரும்பாலும் சொல்வதில்லை. என்னைப் பொறுத்தவரை கரி எஞ்சினின் மொத்த அழகும் அங்கேதான் இருக்கிறது.

எஞ்சினின் முன்பக்கத்தில், புகைபோக்கிக்கு நேர் கீழே, புகைப்பெட்டி என்றொரு காலி அறை. பின்னாலிருக்கும் அடுப்பிலிருந்து சூடான வாயு கொதிகலனுக்குள் கிடக்கும் குழாய்கள் வழியாக இந்த அறைக்கு வந்து சேரும். அறையின் நடுவில், மேல்நோக்கிய ஒரு குறுகிய மூக்குக் குழாய். வேலை முடித்த நீராவி அதன் வழியாகச் சீறிப் புகைபோக்கிக்குள் பாய்கிறது. வேகமாகப் போகும் பேருந்து சாலையோரச் சருகைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகுமே, அதுபோல அந்தச் சீறல் சுற்றியிருக்கும் புகையை அள்ளிக்கொண்டு மேலே போய்விடுகிறது. அறையில் அழுத்தம் குறைகிறது. அந்தக் குறையை நிரப்ப அடுப்பிலிருந்து வாயு வருகிறது, அடுப்புக்குள் அடியிலிருந்து புதுக்காற்று நுழைகிறது, கரி கனன்று எரிகிறது. நம் வீட்டு ஊதுகுழல் காற்றைத் தள்ளும். இது காற்றை உறிஞ்சும்.

அரிசி ஆலைக்கு இந்தத் தந்திரம் தேவையில்லை. உயரமான புகைபோக்கியே காற்றை இழுத்துவிடும். ரயில் எஞ்சின் பாலத்துக்கு அடியில் நுழைய வேண்டும், புகைபோக்கி குட்டையாகத்தான் இருந்தாக வேண்டும். 1804-லேயே இங்கிலாந்துப் பொறியாளர் டிரெவிதிக் கழிவு நீராவியைப் புகைபோக்கிக்குள் விட்டுப் பார்த்து, தீ நன்றாகப் பிடிப்பதைக் கவனித்தார். 1829-இல் வந்த ஸ்டீபன்சன் தந்தை-மகனின் ‘ராக்கெட்’ எஞ்சின் இதோடு 25 செப்புக் குழாய்கள் கொண்ட கொதிகலனையும் சேர்த்தது. அதன்பிறகு அடிப்படை மாறவே இல்லை.

இதில் நான் மயங்கும் இடம் ஒன்று உண்டு. ஏற்றத்தில் எஞ்சின் திணறும்போது அதிக நீராவி செலவாகிறது. அதிக நீராவி வெளியேறினால் உறிஞ்சல் கூடுகிறது, தீ இன்னும் வேகமாக எரிகிறது, கொதிகலன் அதிக நீராவி தருகிறது. எவ்வளவு உழைக்கிறதோ அவ்வளவு மூச்சு வாங்குகிறது! நடுவில் கருவி எதுவும் கிடையாது. எஞ்சின் மூச்சு விடுகிறது என்று என் பாட்டி சொன்னபோது அது மூடநம்பிக்கை என்று நினைத்திருந்தேன். அவர் பார்த்தது சரி.

இப்போது அந்த ‘குப்’. பிஸ்டனின் இரு பக்கமும் நீராவி மாறி மாறித் தள்ளுவதால், சக்கரம் ஒருமுறை சுற்றினால் ஒரு சிலிண்டர் இரண்டு முறை நீராவியை வெளியே விடும். இரண்டு சிலிண்டருக்கு நான்கு. இரண்டும் கால் சுற்று வித்தியாசத்தில் ஓடுவதால் நான்கும் சம இடைவெளியில் விழும். ஒய்.பி.யின் பெரிய சக்கரத்தின் விட்டம் 1.37 மீட்டர், சுற்றளவு சுமார் 4.3 மீட்டர். நான்கால் வகுத்தால் ஒரு ‘குப்’புக்கு ஒரு மீட்டரும் கொஞ்சமும். நொடிக்கு ஒன்று கேட்டால் மணிக்குச் சுமார் 4 கிலோமீட்டர், நாம் நடக்கும் வேகம். 60 கிலோமீட்டரில் நொடிக்குப் பதினைந்தைத் தாண்டும். எண்ண முடியாது, ஒரே இரைச்சல்தான். நான்கில் ஒன்று மெலிந்து கேட்டால் வால்வு சரியில்லை என்று அர்த்தம். “தம்பி, வண்டி நொண்டுது பாரு” என்று ஒரு பயர்மேன் அண்ணன் எங்களுக்குக் காட்டிக்கொடுத்தார். அப்புறம் நாங்களும் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிப்போம்.

நிற்கும் எஞ்சினில் இந்த உறிஞ்சல் கிடையாது. அதனால் கொதிகலனிலிருந்தே கொஞ்சம் நீராவியைப் புகைபோக்கிக்குள் ஊதவிடுவார்கள். ஓட்டத்தில் நீராவியை மூடும் முன்பும் அதைத் திறக்க வேண்டும், மறந்தால் தீ ஓட்டுநர் அறைக்குள் திரும்பி அடிக்கும்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலையும் உண்டு. மூக்கு குறுகினால் உறிஞ்சல் நன்றாக இருக்கும், ஆனால் பிஸ்டனுக்கு எதிர் அழுத்தம் கூடிச் சக்தி வீணாகும். பிரான்சில் ஷாப்லோன், பிறகு அர்ஜென்டினாவில் போர்ட்டா என்ற இரு பொறியாளர்கள் இந்த முடிச்சை அவிழ்க்க ஆயுளைச் செலவிட்டார்கள். போர்ட்டாவின் வடிவமைப்பைப் பொருத்தி 1981-இல் தென்னாப்பிரிக்காவில் ஓடிய ‘சிவப்புப் பிசாசு’ எஞ்சின் கரியையும் தண்ணீரையும் வெகுவாக மிச்சப்படுத்தியது. அதற்குள் உலகம் டீசலுக்குப் போய்விட்டிருந்தது. ஒரு துறைக்கு வயதாகிவிட்டது என்று முடிவுகட்டியதும் ஆராய்ச்சிப் பணத்தை அடியோடு நிறுத்தும் வழக்கம் எனக்கு ஒப்புதலில்லை. நம் அகலப்பாதையில் கரி எஞ்சினின் வழக்கமான ஓட்டம் 1995 டிசம்பரில் முடிந்தது. இன்று பழைய எஞ்சின்களை நிலைய வாசல்களில் பெயின்ட் அடித்து நிறுத்தியிருக்கிறார்கள். அவற்றில் ஒன்றின் புகைப்பெட்டியையாவது வெட்டித் திறந்து, அந்த மூக்கைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

வாசகர் மறுபடி மலை ரயில் ஏறினால் கீழ்க்கோடிப் பெட்டியில் இடம் பிடிக்கட்டும். எஞ்சின் அங்கிருந்துதான் தள்ளுகிறது. என் மீட்டர் கணக்கு அங்கே உதவாது, அதற்கு நான்கு சிலிண்டர். கல்லாறு வரை இரண்டுதான் வேலை செய்யும். அங்கே, பல் வைத்த தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு ஏறும் பல்சக்கரப் பாதை தொடங்கும்போது, அந்த இரண்டும் விட்ட நீராவி புகைபோக்கிக்குப் போகாமல் மற்ற இரண்டுக்குள் போய் இன்னொரு முறை உழைக்கும். அந்த இடத்தில் ‘குப்’பின் தாளம் மாறுவதைக் காதால் பிடிக்கலாம்.