குற்றவாளி டோர்ட்டியா அல்ல

டெக்சாஸின் தென்கோடியில், ரியோ கிராண்டே ஆற்றையொட்டிய ஊர்களில், வருமானம் குறைந்த மெக்சிக்க வம்சாவளிக் குடும்பங்களுக்கு உணவு ஆலோசனை கூறும் பணியில் இருக்கிறேன். கர்ப்பகாலச் சர்க்கரை நோயுடன் வந்த ஒரு தாய், யாரோ சொன்னதை நம்பி மெக்சிக்கர்களின் அன்றாடத் தட்டை ரொட்டியான மக்காச்சோள டோர்ட்டியாவையும் பீன்ஸையும் அடியோடு நிறுத்திவிட்டு, வெள்ளை பிரெட்டும் பெட்டிப் பழச்சாறுமாக நாளைக் கழித்து வந்தார். அந்த ‘யாரோ’ பல சமயங்களில் நம் துறையைச் சேர்ந்தவராகவே இருப்பதுதான் எரிச்சலூட்டுகிறது.

மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவு முழுவதும் ஊறவிட்டு, கழுவி அரைத்த மாவில் தட்டப்படுவது அந்த டோர்ட்டியா. இந்தப் பக்குவத்தால்தான் தானியத்தில் கட்டுண்டு கிடக்கும் நயாசின் என்ற பி3 வைட்டமின் உடலுக்குக் கிட்டுகிறது, கால்சியமும் கூடுகிறது. தானியத்தை எடுத்துக்கொண்டு பக்குவத்தைக் கைவிட்ட வட இத்தாலியிலும் அமெரிக்கத் தென் மாநிலங்களிலும் ஏழைகளை நயாசின் குறைவால் வரும் பெல்லக்ரா நோய் வாட்டியது வரலாறு. ஆறு அங்குல டோர்ட்டியா ஒன்றில் ஏறத்தாழ 12 கிராம் மாவுச்சத்துதான் உண்டு. அமெரிக்க அரசின் தாய்சேய் ஊட்டச்சத்துத் திட்டமான ‘விக்’கின் முழுத்தானியப் பட்டியலில்கூட 2009 முதல் அது இடம்பெற்றிருக்கிறது. இத்தனைக்குப் பிறகும் கீன்வா தானியமும் கேல் கீரையும் அச்சிட்ட துண்டறிக்கையை அந்தத் தாயின் கையில் திணிப்பவர்கள், அவற்றின் விலையை ஒருமுறையாவது கடையில் பார்த்துவிட்டு வரட்டும்.

கேட்க வேண்டிய கேள்வி, என்ன குடிக்கிறீர்கள் என்பதே. ஒரு கேன் கோலாவில் சுமார் 39 கிராம் சர்க்கரை இருக்கிறது. மூன்று டோர்ட்டியாக்களின் மாவுச்சத்தைவிட அது அதிகம், நார்ச்சத்தோ துளியும் இல்லை. வீட்டில் கலக்கும் ஓர்ச்சாட்டா என்ற அரிசிப் பானத்திலும் செம்பருத்திச் சாற்றிலும் சர்க்கரையைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்லுங்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்குப் பழச்சாறு வேண்டவே வேண்டாம். பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் மசித்து வறுப்பதற்குப் பதிலாகப் பானையில் வேகவைத்ததை அப்படியே பரிமாறலாம். டப்பா பீன்ஸானால் கழுவிவிட்டால் உப்பு குறையும். கொழுப்புச் சேர்த்த பெரிய கோதுமை டோர்ட்டியாவை இதே கணக்கில் சேர்க்காதீர்கள். இன்சுலின் போடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உணவின் அளவைத் திடீரென வெட்டக் கூடாது.

உணவு உதவித் திட்டத்தைச் சார்ந்த ஊட்டச்சத்துக் கல்விக்கான மத்திய நிதி 2025 செப்டம்பருடன் நிறுத்தப்பட்டுவிட்ட நிலையில், நமக்கு வாய்க்கும் வகுப்பு நேரம் சொற்பம். தயவுசெய்து அந்த நேரத்தில் சமைக்கும் பாட்டியையும் அழைத்து உட்காரவையுங்கள்; மெக்சிக்கச் சமையலின் கள்ளிமடலை முள் நீக்கி வதக்கத் தெரிந்தவர் அவர்தான், நாமல்ல.