அமெரிக்காவில் ஹோம்ஸ்கூலிங்: எந்த மாநிலம் என்ன கேட்கிறது?

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைப்பது அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் சட்டப்படி செல்லும். ஆனால் விதிகள் முழுக்க மாநிலங்களின் கையில். வேலை மாறி வேறு மாநிலத்துக்குக் குடிபோனால், நேற்றுவரை தேவைப்படாத படிவங்கள் இன்று கட்டாயமாகலாம்.

டெக்சாஸ், ஓக்லஹோமா, ஐடஹோ ஆகியவற்றில் பதிவும் இல்லை, ஆண்டறிக்கையும் இல்லை, தேர்வும் இல்லை. டெக்சாஸில் 1994-இல் மாநில உச்ச நீதிமன்றம் தந்த லீப்பர் தீர்ப்பின்படி வீட்டுக்கல்வி ஒரு தனியார் பள்ளியாகவே கருதப்படும். வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணிதம், குடிமைப் பண்பு ஆகியவற்றுக்கு ஒரு பாடத்திட்டம் இருக்க வேண்டும். அதைப் பெயரளவில் இல்லாமல் நிஜமாகவே நடத்த வேண்டும். இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அரசுப் பள்ளியில் சேர்ந்திருக்கும் பிள்ளையைச் சொல்லாமல் நிறுத்திவிடுவார்கள். பள்ளிக் கணக்கில் அது விடுப்பாகத்தான் ஏறும். சில நாள்களில் வருகைக் குறைவு நோட்டீஸ் வீடு தேடி வரும். வீட்டுக்கல்வி தொடங்கும் தேதியையும் மேற்படி பாடங்களை நடத்துவோம் என்ற உறுதியையும் எழுதிப் பள்ளிக்கு ஒரு கடிதம் கொடுத்துவிட்டு, நகலைப் பத்திரப்படுத்திக்கொண்டால் போதும்.

நியூயார்க் இதற்கு நேர் எதிர். ஜூலை 1-க்குள் பள்ளி மாவட்டக் (உள்ளூர் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) கண்காணிப்பாளருக்கு, வீட்டுக்கல்வி நடத்தப்போவதாக விருப்பக் கடிதம் போக வேண்டும்; நடு ஆண்டில் தொடங்கினால், தொடங்கிய 14 நாள்களுக்குள். கடிதம் கிடைத்த 10 வேலை நாள்களுக்குள் மாவட்டம் விதிமுறை நகலையும் தனிநபர் பாடத்திட்டப் படிவத்தையும் அனுப்பும். படிவம் கைக்கு வந்த 4 வாரம் அல்லது ஆகஸ்ட் 15, இரண்டில் எது பிந்தியதோ அதற்குள் பூர்த்தி செய்து திருப்பித் தர வேண்டும். எந்தப் பாடம், எந்தப் புத்தகம், காலாண்டு அறிக்கைகள் எந்தெந்தத் தேதியில் என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்தத் தேதிகளை நிர்ணயிப்பது பெற்றோர்தான். அதனால் பண்டிகை வாரத்தில் தேதி வைத்துக்கொண்டு தவிக்க வேண்டாம்.

1 முதல் 6-ஆம் வகுப்புவரை ஆண்டுக்கு 900 மணி நேரம், 7 முதல் 12 வரை 990. காலாண்டு அறிக்கையில் நேரக்கணக்கு, நடத்திய பகுதி, மதிப்பெண் அல்லது விவரிப்பு ஆகியவை வேண்டும். திட்டமிட்டதில் 80 சதவீதத்துக்குக் கீழே முடித்த பாடம் இருந்தால் காரணம் எழுத வேண்டும். இதை விட்டுவிட்டால் அறிக்கை திரும்பி வரலாம். ஆண்டுத் தேர்வில் 33-ஆம் பெர்சன்டைலுக்கு மேல் வர வேண்டும். அல்லது முந்தைய தேர்வைவிட ஓராண்டு வளர்ச்சி தெரிய வேண்டும். பெர்சன்டைல் என்பது மதிப்பெண் சதவீதம் அல்ல, மற்ற மாணவர்களோடு ஒப்பிடும் தரநிலை. இரண்டுமே இல்லாவிட்டால் அந்த வீட்டுக்கல்வி அதிகபட்சம் 2 ஆண்டு தகுதிகாண் கண்காணிப்பில் (probation) வைக்கப்படும். அதிகாரி வீட்டுக்கு வரலாம் என்ற விதி இந்தக் கட்டத்தில்தான் வருகிறது. அதற்கும் நியாயமான காரணமும் 3 நாள் முன்னறிவிப்பும் தேவை.

இத்தனை காகிதத்திலும் ஓர் ஓட்டை இருக்கிறது. சாதாரண ஆண்டில் எந்த அதிகாரியும் அந்தப் பிள்ளையை நேரில் பார்க்க வேண்டிய கட்டாயமில்லை. பென்சில்வேனியா இங்கே வேறு வழியில் போகிறது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1-க்குள் பிரமாணப் பத்திரம். வீட்டிலுள்ள பெரியவர் எவரும் கடந்த 5 ஆண்டுகளில் குறிப்பிட்ட குற்றங்களுக்குத் தண்டனை பெறவில்லை என்பதும் அதில் அடக்கம். 3, 5, 8-ஆம் வகுப்புகளில் தேர்வு. தகுதியுள்ள மதிப்பீட்டாளர் ஒருவர் பிள்ளையோடு பேசி, அந்த ஆண்டில் பிள்ளை செய்த வேலைகளின் தொகுப்பைப் (portfolio) பார்த்துச் சான்று தருவார். அது ஜூன் 30-க்குள் மாவட்டத்துக்குப் போக வேண்டும். 2014-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு தொகுப்பையே தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை, சான்று போதும்.

கண்காணிப்பு வேண்டுமா வேண்டாமா என்ற சண்டையில் படிப்பும் பாதுகாப்பும் ஒன்றாகக் குழைந்துபோவதுதான் சிக்கல். காலாண்டு அறிக்கை பின்னத்தைச் சொல்லிக் கொடுத்தார்களா என்று காட்டும். பிள்ளை அடிபடுகிறதா என்று காட்டாது. கனெக்டிகட்டின் குழந்தை நல வழக்காடுநர் அலுவலகம் 2018-இல் வெளியிட்ட அறிக்கை, 6 பள்ளி மாவட்டங்களில் வீட்டுக்கல்விக்காக நிறுத்தப்பட்ட 380 பிள்ளைகளைப் பார்த்தது. அவர்களில் 36 சதவீதத்தினரின் குடும்பங்கள் மீது ஏற்கெனவே குழந்தை நலத் துறை ஏற்றுக்கொண்ட புகார் ஒன்றாவது இருந்தது. புகார் இருந்தாலே குற்றம் என்று ஆகிவிடாது. ஆனாலும் கட்டுப்பாடு கேட்பவர்களின் வலுவான வாதம் இதுதான்: ஆசிரியரின் கண்ணிலிருந்து பிள்ளை மறையும் நேரத்தில் மாற்றுக் கண் ஒன்று வேண்டும். துறைக்கு முன்பே தெரிந்த குடும்பங்கள் என்றால் தவறியது துறைதானே, ஒழுங்காக இருக்கும் மற்றவர்கள் ஏன் படிவம் நிரப்ப வேண்டும் என்பது மறுதரப்பின் கேள்வி. அதுவும் லேசில் தள்ளக்கூடியதல்ல.

சட்டமும் இருபக்கம் பேசுகிறது. 1925-இன் பியர்ஸ் வழக்கில் பிள்ளை வளர்ப்பில் பெற்றோரின் உரிமையை நிலைநாட்டிய கூட்டாட்சி உச்ச நீதிமன்றம், பள்ளிகளை நியாயமாக முறைப்படுத்தவும் ஆய்வு செய்யவும் மாநிலத்துக்கு உள்ள அதிகாரத்தையும் அதே தீர்ப்பில் ஒப்புக்கொண்டது. இரு தரப்பினரும் தத்தமக்குச் சாதகமான பாதியைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள்.

2025-இல் இல்லினாய் சட்டமன்றத்தில் ஒரு மசோதா வந்தது. அதன் முதல் கோரிக்கை, வீட்டுக்கல்வி பெறும் பிள்ளையின் விவரத்தை ஒரு படிவத்தில் அறிவிக்க வேண்டும் என்பதே. எதிர்ப்பாளர்கள் தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டில் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். குழு நிலையைத் தாண்டிய மசோதா, அவையின் முழு வாக்கெடுப்புக்கு வராமலே அந்த மே மாதக் கூட்டத்தொடர் முடிந்தது.