மேய்ச்சல் நிலத்தில் மறுவிதைப்பு: விதை கடைசி வேலை

மேய்ச்சல் நிலம் தேய்ந்துபோனால் எல்லோரும் உடனே கேட்பது, "எந்தப் புல் விதையைத் தூவலாம்?" என்பதுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இருந்த புல் ஏன் போயிற்று? அந்தக் காரணம் நிலத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கும்போது நல்ல விதையைக் கொண்டுவந்து கொட்டினால் முதல் ஆண்டு பச்சை தெரியும். மூன்று நான்கு ஆண்டுகளில் பழைய பொட்டலே மிஞ்சும். மறுவிதைப்பில் விதை என்பது கடைசி வேலை. அதற்கு முந்தைய வேலைகளைத் தட்டிக்கழித்தவர்கள்தான் விதையைக் குறை சொல்கிறார்கள்.

புல் எப்படிப் போகிறது

ஆடு மாடு எல்லாப் புல்லையும் ஒன்றுபோலக் கடிப்பதில்லை. ருசியானதைத் தேடிப் போய்க் கடிக்கும். சில நாளில் அது துளிர்த்தால் அந்த இளந்துளிரையே மறுபடி கடிக்கும். வாய் வைக்காத ஊசிப்புல்லும் பார்த்தீனியமும் ஆவாரையும் தொந்தரவில்லாமல் பூத்து, விதை உதிர்த்து, அடுத்த மழைக்கு இடம் பிடித்துக்கொள்ளும். நல்ல புல் தூர் தூராகக் குறைவதால் கண்ணுக்கு உடனே தெரியாது. தெரியும்போது பாதி போயிருக்கும்.

மண்ணுக்குக் கீழே நடப்பது இன்னும் முக்கியம். அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வாளர் க்ரைடர் 1955இல் வெளியிட்ட சோதனை முடிவு இன்றைக்கும் மேய்ச்சல் நிர்வாகத்தின் அடிக்கல். புல்லின் இலைப்பகுதியில் பாதியை வெட்டினால் வேர் வளர்ச்சிக்குப் பெரிதாகத் தடை இல்லை. 80 சதவீதத்தை ஒரே முறையில் வெட்டியபோது வேர் வளர்ச்சி முழுவதும் நின்று, 12 நாள் வரை நின்றே இருந்தது. 90 சதவீதம் வெட்டியபோது 17 நாள். மொட்டையாக மேய்ந்த புல் மேலே துளிர்ப்பதைப் பார்த்து, பிழைத்துக்கொண்டது என்று நினைக்கிறோம். அது சேமிப்பைத் தின்று துளிர்க்கிறது. அந்த நேரத்தில் மறுபடி கடிபட்டால் வேர் சுருங்கும். அடுத்த வறட்சியில் தூரே காயும்.

முதலில் எண்ணுங்கள்

நிலத்தை வரப்பில் நின்று பார்த்து முடிவு செய்யக் கூடாது. மழைக்குப் பின் எல்லா நிலமும் பச்சைதான். செருப்பின் நுனியில் மையால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டு நிலத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு நடங்கள். ஐந்தடிக்கு ஒருமுறை நின்று, அந்தப் புள்ளிக்கு நேர் கீழே இருப்பது என்ன என்று குறியுங்கள்: கால்நடை விரும்பும் பல்லாண்டுப் புல், ஓராண்டுப் புல், பயறுவகைத் தீவனச் செடி, களை, வெறும் மண். 100 புள்ளி போதும், எண்ணிக்கையே சதவீதம். நிழல் மரத்தடி, தண்ணீர்த் தொட்டி, நுழைவாயில் இவற்றின் பக்கம் எப்போதும் மிதிபட்டே இருக்கும். அங்கே எண்ணினால் கணக்குத் தப்பும்.

100இல் 60, 70 புள்ளி நல்ல புல் என்றால் விதை வேண்டாம். அந்த நிலத்துக்குத் தேவை ஓய்வு. ஒரு முழு மழைப்பருவம் கால்நடையை விடாமல், புல்லைப் பூக்கவிட்டு விதை உதிரவிட்டால் அதுவே தன்னை நிரப்பிக்கொள்ளும். 30க்கும் 60க்கும் இடையில் இருந்தால் இருக்கும் புல்லின் ஊடே மேல்விதைப்பு. அதற்கும் கீழே போயிருந்தால் மட்டும் முழுதாகப் புரட்டி விதைப்பதை யோசிக்கலாம். இந்த எல்லைகள் கல்லில் பொறித்தவை அல்ல; சரிவான, மண் அரிக்கும் நிலமென்றால் 20 புள்ளி இருந்தாலும் முழுதாக உழ வேண்டாம் என்பதே எங்கள் நிலைப்பாடு. உழுத சரிவில் ஒரு கனமழை விழுந்தால் விதையும் போகும், மேல்மண்ணும் போகும். சரிவுக்குக் குறுக்கே ஒரு மீட்டர் அகலத்துக்கு மட்டும் கிளறி, அடுத்த இரண்டு மூன்று மீட்டரைத் தொடாமல் விட்டு, பட்டை பட்டையாக விதையுங்கள். புல் விளைந்து விதை உதிர்த்து இடைவெளியை மூடிவிடும்.

இன்னொரு குழப்பத்தை இங்கே சொல்லியாக வேண்டும். தூர்கள் நெருக்கமாகவே இருக்கும். ஆனால் புல் வெளிறி, குட்டையாக, வளர்ச்சியே இல்லாமல் நிற்கும். அங்கங்கே ஒரு முறம் அகலத்துக்கு மட்டும் கரும்பச்சையாகச் செழித்திருக்கும். குனிந்து பாருங்கள், அது மாடு சிறுநீர் விட்ட இடம். மற்ற இடத்தில் தழைச்சத்து (நைட்ரஜன்) போதவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. பல ஆண்டு உழாத புல் நிலத்தில் தழைச்சத்தில் பெரும்பகுதி பழைய வேரிலும் மக்கிலும் சிக்கிக்கொண்டுவிடும். உழுதால் அது ஓரிரு ஆண்டு விடுபட்டுப் புல் கொழிக்கும். பிறகு பழையபடி ஆகும். அந்த ஓரிரு ஆண்டுச் செழிப்பைப் புது விதையின் பலன் என்று நம்பி ஏமாறுகிறவர்கள் நிறைய. இப்படிப்பட்ட நிலத்துக்குப் புல் விதை தேவையில்லை, காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும் பயறுவகைச் செடியைப் புல்லின் ஊடே கொண்டுவருவதுதான் வழி.

மண்வெட்டி போடாமல் விதை வாங்காதீர்கள்

ஓரடி ஆழத்துக்கு ஒரு குழி வெட்டி, அதன் சுவரைப் பாருங்கள். வேர் நேராக இறங்குகிறதா, அல்லது நாலு விரல் ஆழத்தில் முட்டிக்கொண்டு பக்கவாட்டில் திரும்புகிறதா? திரும்பினால் அங்கே குளம்பு மிதித்து இறுக்கிய அடுக்கு இருக்கிறது. ஈர மண்ணில் கால்நடையை விட்டதன் விளைவு அது. அந்த அடுக்கை மண் காய்ந்திருக்கும்போது கொத்துக் கலப்பையால் பிளக்க வேண்டும். ஈரத்தில் ஓட்டினால் கலப்பை போன வழி மெழுகித் தேய்த்தது போலாகி இறுக்கம் கூடும்.

மண் பரிசோதனைக்கு 15 செ.மீ. ஆழத்தில் 15 முதல் 20 இடங்களில் மண் எடுத்துக் கலந்து, அதில் அரைக் கிலோ அனுப்பினால் போதும். சாணம் கிடக்கும் இடம், மரத்தடி கூடாது. கார அமில நிலை 5.5க்குக் கீழே என்றால் சுண்ணாம்பு தேவைப்படலாம். அளவை முடிவு சொல்லும். விதைப்பதற்குச் சில மாதம் முன்பே போட்டால்தான் அது வேலை செய்யும். மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைவாக இருந்தால் விதைக்கும்போதே கொடுங்கள். இளவேருக்கும் பயறுவகைக்கும் அது உயிர். தழைச்சத்தை மட்டும் விதைப்போடு போடாதீர்கள். அதை முதலில் தின்று வளர்வது களை.

களையில் உண்ணிச்செடி இருந்தால் வேரோடு அகற்றி அப்புறப்படுத்துங்கள். வெட்டிப் போட்ட தழையைப் பசித்த கால்நடை தின்றால் கல்லீரல் கெட்டு, வெயில் பட்ட தோல் வெந்து உரியும். பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன்பு, கையுறை போட்டுப் பிடுங்க வேண்டும்.

எந்த விதை, எவ்வளவு

வறண்ட, மானாவாரி நிலத்துக்குக் கொழுக்கட்டைப் புல்லுக்கு நிகர் குறைவு. ஆண்டு மழை 300 மி.மீ. கிடைக்கும் இடத்திலும் தாங்கும். தூர் ஆழமாக வேர் விடும். நீர் தேங்கும் நிலம் அதற்கு ஆகாது. அது இயல்பாக இல்லாத சில நாடுகளில் காட்டுக்குள் பரவித் தொல்லை ஆகியிருக்கிறது. அங்கெல்லாம் விதைக்குமுன் விசாரித்துக்கொள்ள வேண்டும். மழை மிகுந்த, ஓரளவு நிழல் விழும் இடத்துக்குக் கினியாப் புல். துணைக்குப் பயறுவகை: மணற்பாங்கான செம்மண்ணுக்கு முயல் மசால், களிமண்ணுக்கு வேலிமசால் அல்லது சங்குப்பூக் கொடி. குளிர் நாடுகளில் ரை புல்லும் வெள்ளைக் குளோவரும் இந்த இடத்தை நிரப்புகின்றன. அங்கே ஹெக்டேருக்கு 25 முதல் 35 கிலோ புல் விதை, 2 முதல் 4 கிலோ குளோவர் என்று கணக்கு வேறு, முளையைத் தின்னும் பகையாளி நத்தை. ஆனால் வேலையின் வரிசை மாறாது.

கொழுக்கட்டைப் புல் விதைக்கு ஹெக்டேருக்கு 6 முதல் 8 கிலோ என்பது பரிந்துரை. மூட்டையில் இருப்பது எல்லாம் விதை அல்ல என்பதுதான் இங்கே சிக்கல். பஞ்சு போன்ற அந்த உருண்டையை உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தித் தேயுங்கள். உள்ளே கடினமாக ஒரு மணி தட்டுப்பட்டால் விதை. வெறும் உமியாக நசுங்கினால் பதர். மணி தட்டுப்பட்ட நூறு உருண்டையை ஈரத்துணியில் சுற்றி இரண்டு வாரம் வைத்து முளைப்பையும் எண்ணுங்கள். சுத்தம், அதாவது மணி உள்ள பங்கு, 60 சதவீதம், முளைப்பு 40 சதவீதம் என்றால் ஒரு கிலோவில் உயிருள்ள விதை 240 கிராம்தான். ஹெக்டேருக்கு 2 கிலோ உயிர்விதை வேண்டும் என்றால் 8 கிலோவுக்கு மேல் வாங்க வேண்டியிருக்கும். இதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு: புதிதாக அறுத்த விதை உறக்கத்தில் இருக்கும், முளைக்காது. ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை உலர்வாக வைத்திருந்த விதைதான் நன்றாக முளைக்கும். "போன வாரம் உதிர்த்த புது விதை" என்று யாராவது பெருமையாகக் கொடுத்தால் வாங்கி அடுத்த பருவத்துக்கு வையுங்கள்.

முயல் மசால், வேலிமசால் விதைகளுக்குத் தோல் கெட்டி. 80 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் நாலு நிமிடம் போட்டு, வடித்து, குளிர்ந்த நீரில் ஓரிரவு ஊறவிட வேண்டும். வெப்பமானி வைத்துப் பாருங்கள். கொதிக்கிற நீரில் போட்டால் விதை வெந்துவிடும். காலையில் பார்த்தால் நீர் குடித்த விதை உப்பியிருக்கும். உப்பாமல் சிறுத்தே கிடந்தால் தோல் திறக்கவில்லை. மொத்த விதையையும் இப்படிச் செய்யாமல் கால் பங்கை அப்படியே விடுவது நல்லது. முதல் முளைப்பு வறட்சியில் போனாலும் கெட்டித் தோல் விதை அடுத்த மழைக்கு முளைக்கும். ஊறிய விதையை நிழலில் உலர்த்தி, ஆறிய கஞ்சியில் ரைசோபியம் (பயறுவகை வேரில் தழைச்சத்தைப் பிடித்துத் தரும் நுண்ணுயிர்) கலந்து பூசி, மறுபடி நிழலில் அரைமணி உலர்த்தி, அன்றே விதையுங்கள்.

விதைப்பு

முதல் மழைக்கு விதைக்க வேண்டாம். அது களையை முளைக்க வைக்கும் மழை. முளைத்த களையை மேலோட்டமாகக் கிளறி அழித்துவிட்டு, நல்ல உழவு மழை பெய்து ஒரு சாண் ஆழத்துக்கு ஈரம் இறங்கிய பிறகு விதையுங்கள். மேல்விதைப்பு என்றால் முன்னதாகவே பழைய புல்லை மூன்று முதல் ஐந்து செ.மீ. உயரத்துக்கு மேயவிட்டோ வெட்டியோ குறைத்து, தரையில் பாதியாவது மண் தெரியும் அளவுக்குக் கீற வேண்டும். மேல்விதைப்பு தோற்பதற்கு முதற்காரணம் பழைய புல்லின் போட்டி. வேரூன்றிய தூருக்கு முன்னால் முளை நிற்காது.

பஞ்சு விதை கையை விட்டுப் போகாது, காற்றில் பறக்கும். ஒரு பங்கு விதைக்கு மூன்று நான்கு பங்கு ஈரமணலும் சாணத்தூளும் கலந்து கொள்ளுங்கள். கலவையை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை நீளவாக்கிலும் மறுபாதியைக் குறுக்கிலும் வீசினால் திட்டுத் திட்டாக விழாது. பிறகு ஒரு முள்கொப்பை இழுத்தால் போதும். விதை ஒரு செ.மீ. ஆழத்துக்குக் கீழே போகக் கூடாது. இந்தச் சின்ன விதையில் மேலே வருவதற்கான உணவு அவ்வளவுதான் இருக்கிறது. உழுத மறுநாள் பொலபொலப்பான மண்ணில் விதைத்துப் பல்லுக் கலப்பை ஓட்டி மூடுவது விதையைப் புதைப்பதற்குச் சமம். மூடியபின் செம்மறிக் கூட்டத்தை ஒருமுறை நடக்கவிட்டு அல்லது உருளை ஓட்டி மண்ணை விதையோடு ஒட்டவையுங்கள்.

விதைத்துப் பத்து நாளாகியும் முளை இல்லையென்றால் எறும்புப் புற்றின் வாயைப் பாருங்கள். விதை உமி குவிந்திருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. காய்ந்த மண்மேல் நாள்கணக்கில் விதை கிடந்தால் எறும்பு விடாது. ஈரத்தில் விதைத்து உடனே மூடுவதே மருந்து.

துணைப்பயிராகச் சோளம் விதைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. சோளம் நெருக்கமானால் புல்முளைக்கு வெயிலும் ஈரமும் கிடைக்காது. பூக்காத இளஞ்சோளத்திலும் வாடி மறுபடி துளிர்த்த சோளத்திலும் சயனைடு நஞ்சு இருக்கும். அதை மேய்ந்த மாடு நிமிடங்களில் விழலாம். வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

எப்போது மேய்க்கலாம்

புது நிலம் பச்சை கட்டியதும் கயிற்றை அவிழ்த்துவிடும் ஆசை எல்லோருக்கும் வரும். அதுவரை பட்ட பாடெல்லாம் அந்த ஒரு வாரத்தில் போகும். மாடு நாக்கால் சுழற்றி இழுப்பது போல ஒரு கொத்துப் புல்லை விரலில் சுற்றிச் சட்டென்று இழுத்துப் பாருங்கள். இலை அறுந்து கையோடு வந்தால் வேர் பிடித்துவிட்டது. தூரோடு பிடுங்கிக்கொண்டு வந்தால் இன்னும் ஆகவில்லை. நிலத்தில் இருபது இடத்தில் இதைச் செய்யுங்கள். ஓரிடத்தில் நன்றாக இருப்பது மற்ற இடத்துக்குச் சாட்சி ஆகாது.

மானாவாரி நிலத்தில் முதல் பருவம் முழுவதும் கால்நடையை விடாமல், புல் பூத்து விதை உதிர்த்தபின் அறுத்துப் போடுவதே உத்தமம். அந்த உதிர்ந்த விதைதான் அடுத்த ஆண்டு இடைவெளியை அடைக்கும். பிறகு நிலத்தை நான்கைந்து பாகமாகத் தடுத்து, ஒவ்வொன்றிலும் சில நாள் மட்டும் மேய்த்து, வளரும் பருவத்தில் 30 முதல் 45 நாள் ஓய்வு கொடுங்கள். பாதி இலை தரையில் நிற்கும்போதே அடுத்த பாகத்துக்கு மாற்ற வேண்டும். கனமழை பெய்து மண் சேறாக இருக்கும் நாட்களில் கொட்டிலில் கட்டிப் போடுங்கள். குளோவர், குதிரை மசால் மிகுந்த நிலத்தில் பசித்த மாட்டை நேராக விட்டால் வயிறு உப்பும். முதலில் உலர்தீவனம் கொடுத்துவிட்டு அனுப்புங்கள். முயல் மசால், வேலிமசாலில் இந்தப் பயம் குறைவு.

அடுத்த ஆண்டு அதே பருவத்தில், அதே மூலையிலிருந்து அதே மூலைக்கு 100 புள்ளி மறுபடி நடந்து எண்ணி, பழைய தாளுக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள். நல்ல புல்லின் எண் ஏறவில்லை என்றால் விதையைச் சந்தேகப்படும் முன், ஓய்வு நாட்களையும் நிலத்தில் விட்ட தலைகளின் எண்ணிக்கையையும் சரிபாருங்கள்.