கண்ணாடிக் கதவு ஏன் கண்ணில் படுவதில்லை?

நெற்றியில் புடைப்போடு ஓர் அம்மா என்னிடம் கண் பரிசோதனைக்கு வந்தார். வயது எழுபதைத் தாண்டியவர். சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு கடையின் கண்ணாடிக் கதவில் மோதியிருக்கிறார். "தம்பி, போர்டில் சின்ன எழுத்துகூடப் படிக்கிறேனே, இவ்வளவு பெரிய கதவு எப்படித் தெரியாமல் போச்சு?" என்று கேட்டார். இப்படி மோதிக்கொண்டவர்கள் பலர் வீட்டில் 'கவனம் இல்லை' என்று திட்டும் வாங்கியிருப்பார்கள். அது நியாயமில்லை.

சுத்தமான கண்ணாடி கண்ணுக்குத் தருவது மிகக் குறைவு. நேராக விழும் ஒளியில் ஒவ்வொரு பரப்பும் சுமார் 4 விழுக்காட்டைத்தான் திருப்பி அனுப்பும். மற்றபடி, 'இங்கே ஒரு பொருள் இருக்கிறது, அதன் வழியாகப் பின்னால் இருப்பதும் தெரிகிறது' என்பது மூளையின் ஊகம். ஊகிக்கத் தடயம் வேண்டும்.

கட்டம் போட்ட கைலியின் மேல் சாம்பல் நிற பிளாஸ்டிக் தாள் ஒன்றை வைத்துப் பாருங்கள். தாளின் ஓரம் கட்டத்தின் கோட்டைக் கடக்கும் இடத்தில் நான்கு நிறச்சாயல்கள் ஒரு புள்ளியில் கூடும். கோடு முறியாமல் தாளுக்குள் தொடரும்; வெளிருக்கும் அடருக்கும் உள்ள வேறுபாடு மட்டும் குறையும். இத்தாலிய உளவியலாளர் ஃபாபியோ மெட்டெல்லி இதை ஆராய்ந்து 1974இல் விரிவாக எழுதினார். சாதாரணத் தாள்களை அதே நிற வரிசையில் வெட்டி ஒட்டினாலும் ஊடுருவித் தெரிவதுபோலவே இருக்கும். கொஞ்சம் நகர்த்திக் கோட்டை முறித்தால் அந்தத் தோற்றம் போய்விடும். பிள்ளைகளோடு செய்து பாருங்கள், எனக்கு இன்றும் வியப்புதான்.

சட்டம்கூட இல்லாத கதவில் இந்த ஓரமும் இல்லை, நிற வேறுபாடும் இல்லை. கண்புரை இருந்தால் ஒளி கண்ணுக்குள்ளேயே சிதறி, மங்கலான வேறுபாடுகள் முதலில் மறையும். வெள்ளையில் கறுப்பு எழுத்தைப் படிப்பது அதைக் காட்டிக்கொடுக்காது. அதற்கென்றே பெல்லி-ராப்சன் அட்டை இருக்கிறது: எழுத்தின் அளவு மாறாது, நிறம் மட்டும் வெளிறிக்கொண்டே போகும். வயதான பெற்றோருக்கு இந்தச் சோதனையையும் கேட்டுச் செய்யுங்கள். அந்த அம்மா அட்டையின் நடுவிலேயே, மேற்கொண்டு படிக்க முடியாமல் நின்றுவிட்டார். கண்புரைக்கு மருத்துவரிடம் அனுப்பினேன்.

சரி, வீட்டில்? அவர் மகன் குளியலறைக் கண்ணாடித் தடுப்பில் வெள்ளைக் கோல ஸ்டிக்கர் ஒட்டினார். பின்னால் வெள்ளை ஓடு, அதனால் அம்மாவுக்கு அது தெரியவே இல்லை. கோலத்தைச் சுற்றிக் காவிப் பட்டை ஒட்டச் சொன்னேன். வெளிரும் அடரும் சேர்ந்திருந்தால் பின்னணி எதுவானாலும் ஒன்றாவது எடுபடும். இப்போது கதவு எங்கே இருக்கிறதென்று கைநீட்டித் தடவாமலே போகிறார்.